கீமேன் கண்ணில் படாத மேடு

சிகரெட்டை ஆழ இழுக்கும்போது அதன் முனைக் கங்கு 900 டிகிரி செல்சியஸை எட்டும். வெள்ளி உருகுவதற்கு இன்னும் அறுபது டிகிரிதான் பாக்கி. அந்தக் கங்குக்குச் சற்றுப் பின்னால், போதிய காற்றுக் கிடைக்காமல் புகையிலை கருகும் இடத்தில் பிறக்கிறது 4-அமினோபைஃபீனைல். பெயர்தான் நீளம், ஆள் பொடி. இரண்டு பென்சீன் வளையங்கள் ஒன்றையொன்று கைபிடித்து நிற்க, ஒரு கோடியில் நைட்ரஜன் ஒரு குட்டி வால் போல ஒட்டியிருக்கும். அவ்வளவுதான் உருவம்.

ஒரு சிகரெட்டில் உள்ளே இழுபடும் புகையில் இது சில நானோகிராம் இருந்தால் அதிகம். ஒரு கிராமை நூறு கோடியாகப் பங்கு போட்டால் வரும் ஒரு பங்குதான் நானோகிராம். ஒன்றுமில்லை என்றே தோன்றும். ஆனால் எண்ணிக்கையில் பார்த்தால் ஒரு நானோகிராமுக்குள் மூன்றரை லட்சம் கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. அதில் ஒன்றே ஒன்றின் பின்னால் போய்ப் பார்ப்போம்.

போகும் இடம் ஸ்பெயின். இந்த மூலக்கூறு வரவழைக்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அந்த நாட்டில் ஆண்களிடம் மிக அதிகம். அங்கே பழைய தலைமுறை விரும்பிப் பிடித்தது 'கறுப்புப் புகையிலை'. காற்றில் உலர்த்தி நொதிக்கவைத்த, தொண்டையைக் கமறவைக்கும் சரக்கு. வெளிர்ப் புகையிலையைவிட இதில் நம் மூலக்கூறும் அதன் சொந்தக்காரர்களும் கூடுதல். வடக்கே அஸ்துரியாஸ் மாநிலத்தில் நிலக்கரிச் சுரங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், கடைவாசலில் நின்று ஒன்றைப் பற்றவைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் பெயர் வேண்டாம். அவர் பிறக்கும்போதே அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் வாங்கிவந்த சில எழுத்துகள் மட்டும் நமக்குப் போதும்.

பயணத்துக்கு முன்னால் இந்த மூலக்கூறின் குலம் கோத்திரம் பற்றி ஒரு வார்த்தை. இதன் உறவினர்கள் முதலில் மாட்டிக்கொண்டது சாயப் பட்டறையில். 1856இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன், கொய்னா செய்யப்போய் ஊதாச் சாயம் செய்துவிட்டான். நிலக்கரியின் கழிவான தாரிலிருந்து வண்ணம் எடுக்கலாம் என்று தெரிந்ததும் ஜெர்மனியில் சாய ஆலைகள் காளான்போல முளைத்தன. 1895இல் பிராங்க்பர்ட் அறுவை மருத்துவர் லுட்விக் ரென், சிவப்புச் சாயம் காய்ச்சும் ஆலைத் தொழிலாளிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதைப் பெர்லினில் கூடிய மருத்துவர்களிடம் சொன்னார். விரல்விட்டு எண்ணும்படியான சிலர்தான். ஆனாலும் ஒரே ஆலையில், அவ்வளவு அபூர்வமான நோய் என்பது அவர் மனதை உறுத்தியது. (மறு வருடமே கத்திக்குத்துப் பட்ட ஒருவனுடைய இதயத்தைத் தைத்துப் பிழைக்கவைத்து, உலகப் புகழ் பெற்றவரும் இவர்தான். சாய ஆலை விஷயம் அந்தப் புகழில் பின்னுக்குப் போய்விட்டது.) ரென் குற்றம் சாட்டியது அனிலின் என்ற ரசாயனத்தை. உண்மைக் குற்றவாளிகள் அதன் பங்காளிகளான, அதே நைட்ரஜன் வால் கொண்ட வேறு அமீன்கள்.

அதை நிரூபிக்க நாற்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. எலிக்கு எவ்வளவு கொடுத்தாலும் சிறுநீர்ப்பையில் ஒன்றும் வரவில்லை. 1938இல் அமெரிக்காவில் வில்ஹெல்ம் ஹியூப்பர் நாய்களுக்கு அந்த அமீன்களில் ஒன்றான பீட்டா-நாப்தைலமீனைக் கொடுத்தார், கட்டி வந்தது. எலிக்கு வராதது நாய்க்கு ஏன் வந்தது? இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கல்லீரலில் பதில் இருக்கிறது.

நம் 4-அமினோபைஃபீனைலும் சும்மா இருக்கவில்லை. 1935 முதல் 1955 வரை அமெரிக்காவில் ரப்பர் கெட்டுப்போகாமல் இருக்க இதைச் சேர்த்தார்கள். இந்த வேலையில் இருந்த 171 பேரில் 19 பேருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி என்று 1955இல் கணக்கு வெளிவந்ததும் ஆலை வாசல் மூடியது. சிகரெட் முனை மட்டும் திறந்தே இருந்தது.

சரி, பெரியவர் இழுத்துவிட்டார். புகை நுரையீரலின் காற்றறைகளை நிரப்புகிறது. காற்றறைச் சுவர் அவ்வளவு மெலிசு, நம் மூலக்கூறு நழுவி ரத்தத்துக்குள் விழ நொடிகள்தான். கூட வந்தவற்றில் சில, பின்னால் சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டு அந்த அணு சாகும்வரை, சுமார் 120 நாள், உடம்பைச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒருவர் நான்கு மாதமாக எவ்வளவு ஊதினார் என்பதை அவருடைய ரத்தத்திலிருந்தே படித்துவிடலாம். கறுப்புப் புகையிலைக்காரர்களின் ரத்தத்தில் இந்தப் பதிவு கூடுதல். நாம் பின்தொடரும் ஒன்று மாட்டவில்லை, கல்லீரலுக்குப் போய்ச் சேர்கிறது.

கல்லீரலில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு நொதி மூலக்கூறின் நைட்ரஜன் வாலில் ஆக்சிஜனைச் சொருகிவிடும். அது ஆபத்தான வழி. இன்னொரு நொதி, பெயர் என்.ஏ.டி.2, அதே வாலில் அசிட்டைல் என்ற சிறு மூடியை மாட்டி அடக்கிவிடும். முதலில் யார் கை படுகிறது என்பதுதான் விஷயம். என்.ஏ.டி.2 சிலருக்குச் சுறுசுறுப்பு, சிலருக்கு மந்தம். அது பிறவியிலேயே தீர்மானமாகிவிடுகிறது. நாய்க்கு இந்த வகை நொதியே கிடையாது. ஹியூப்பரின் நாய்கள் அகப்பட்டுக்கொண்டது அதனால்தான்.

இந்த மந்தத்தை முதலில் கண்டுகொண்டது புற்றுநோய் ஆய்வாளர்கள் அல்லர், காசநோய் ஆய்வாளர்கள். ஐசோனியசிட் மாத்திரையை உடம்பில் செயலிழக்கச் செய்வதும் இதே நொதிதான். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டிய இடம். அங்கேயே தென்னிந்திய நோயாளிகளின் ரத்தத்தில் ஐசோனியசிட் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று அளந்து 1961இல் வெளியிட்டார்கள். பாதிப்பேருக்கும் மேல் மந்தக்காரர்கள். அன்று அவர்கள் கவலைப்பட்டது மாத்திரை வேலை செய்யுமா, கைகால் நரம்பு மரத்துப்போகுமா என்பதைப் பற்றி. அதே அளவுகோல் பிற்பாடு சிறுநீர்ப்பைப் புற்றுக்கும் பயன்படும் என்று அந்த ஆய்வகத்தில் யாரும் நினைத்திருக்க வழியில்லை.

அஸ்துரியாஸ் பெரியவரும் மந்தக்காரர் என்றே கொள்வோம். ஆக்சிஜன் சொருகப்பட்ட மூலக்கூறு, ஒரு சர்க்கரைத் துணுக்கைப் போர்த்திக்கொண்டு கல்லீரலை விட்டுக் கிளம்பி, சிறுநீரகத்தில் வடிகட்டப்பட்டு, சிறுநீர்ப்பையில் வந்து விழுகிறது.

சிறுநீர்ப்பையை வெறும் பை என்று நினைக்கிறோம். உள்பக்கத்தைக் கிட்ட வைத்துப் பார்த்தால் அப்படி இல்லை. குடை விரித்ததுபோலப் பெரிய உயிரணுக்கள் ஒன்றோடொன்று இறுகி மேல்தளம் போட்டிருக்கும். பை நிறையும்போது தட்டையாக விரியும், காலியானதும் சுருங்கி மடிப்பு விழும். கீழே இருப்பது உடம்பு, மேலே நிற்பது உடம்பு தள்ளிவிட்ட கழிவு, நடுவே இந்தத் தளம்தான் காவல். சிறுநீர் அமிலமாக இருந்தால் நம் மூலக்கூறின் சர்க்கரைப் போர்வை கழன்றுவிடும். அடக்கிவைக்கும் நேரம் கூடக்கூட, அது சுவரோடு உரசும் நேரமும் கூடும். சுவரின் அணுவுக்குள் புகுந்ததும், அங்கே காத்திருக்கும் என்.ஏ.டி.1 நொதி அதைக் கடைசியாக ஒரு தட்டுத் தட்டி வெறிகொள்ளச் செய்துவிடுகிறது. கல்லீரலில் காப்பாற்றப் பார்த்த என்.ஏ.டி.2இன் உடன்பிறப்புத்தான் இது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

இப்போது அதற்கு ஒட்டிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். உயிரணுவின் கருவில் 600 கோடி எழுத்து நீளத்துக்கு டி.என்.ஏ. சுருண்டு கிடக்கிறது. அதில் குவானின் என்ற எழுத்தின் எட்டாவது கார்பனைப் பிடித்துக்கொள்கிறது மூலக்கூறு. சிகரெட் முனையில் பிறந்து ஒரு நாள்கூட ஆகியிருக்காது. இரட்டை இழையில் அந்த இடம் லேசாகப் புடைத்து, ஒரு மேடு விழுகிறது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை போகிறது. விடியற்காலையில் கீமேன் நடந்து போவார். தோளில் சுத்தியல், கையில் ஸ்பேனர், கண் தண்டவாளத்தில். எங்கே விரிசல் வரும் என்று அவருக்கு முன்கூட்டித் தெரியாது. ஒழுங்கு தப்பிய இடம் கண்ணில் பட்டால் நிற்பார், அவ்வளவுதான். பிறகு கேங் வரும். விரிசல் விட்ட இடத்தை மட்டும் சுரண்டிக்கொண்டிருக்க மாட்டார்கள், இரண்டு பக்கமும் தள்ளி அறுத்து அந்தத் துண்டையே எடுத்துப் போட்டுவிட்டுப் புதுத் துண்டை வைத்துப் பற்றவைப்பார்கள்.

அணுவுக்குள்ளும் அச்சு அசல் இதே வேலைதான் நடக்கிறது. எக்ஸ்.பி.சி. என்ற புரதம்தான் கீமேன். ஒட்டியிருப்பது என்ன ரசாயனம் என்று அது பார்ப்பதில்லை, இழை எங்கே நெளிந்திருக்கிறது என்று மட்டும் பார்க்கும். நெளிவு தெரிந்தால் நின்று ஆள் கூப்பிடும். வரும் கூட்டத்தில் எக்ஸ்.பி.டி. என்று ஒருவர். இரட்டை இழையைப் பிரித்துக்கொண்டே ஊர்ந்து போவார், பெரிய முட்டு தட்டி மேலே போக முடியாமல் நின்றால் 'ஆமாம், இங்கே பழுது உண்மைதான்' என்று உறுதியாகும். பிறகு இரண்டு கத்திகள், எக்ஸ்.பி.ஜி. ஒரு பக்கம், எக்ஸ்.பி.எஃப். மறுபக்கம். ஏறக்குறைய முப்பது எழுத்து நீளத் துண்டு மூலக்கூறோடு கழன்று விழும். எதிர் இழையைப் பார்த்துப் புது எழுத்துகள் கோக்கப்படும், முனை ஒட்டப்படும். இந்த வெட்டும் வேலையை அளந்து காட்டியவர் துருக்கியின் சாவூர் என்ற சிற்றூரில் பிறந்த அஸீஸ் சான்ஜார். 2015இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர்.

பெயர்களில் வரும் 'எக்ஸ்.பி.' என்பது ஒரு நோயின் பெயர்ச் சுருக்கம். இந்தக் கேங்கில் ஓர் ஆள் அடியோடு இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு. வெயில் பட்டால் போதும், தோல் வெந்து புள்ளி விழும். தோல் புற்றுநோய் மற்றவர்களைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். 1968இல் ஜேம்ஸ் கிளீவர் இவர்களுடைய தோல் அணுக்களால் டி.என்.ஏ. பழுதைச் சரிசெய்ய முடியவில்லை என்று கண்டுபிடித்த பிறகுதான் இந்தக் கூட்டத்தின் அருமையே தெரியவந்தது.

அதிலிருந்து பிறந்ததுதான் அடுத்த சந்தேகம். ஆளே இல்லாதவருக்கு இந்தக் கதி என்றால், ஆள் இருந்தும் கொஞ்சம் சோம்பேறி என்றால்? எக்ஸ்.பி.டி. புரதம் 760 அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. 751ஆவது மணியில் பெரும்பாலானவர்களுக்கு லைசின் இருக்கும், சிலருக்கு குளூட்டமின். ஒரே ஓர் எழுத்து மாற்றம். 312ஆவது மணியிலும் இப்படி ஒன்று. கீமேன் எக்ஸ்.பி.சி.யிலும் 499ஆவது இடத்தில் ஒன்று. இவை அபூர்வக் குறைகள் அல்ல. ஐரோப்பியர்களிடம் உள்ள எக்ஸ்.பி.டி. நகல்களில் மூன்றில் ஒரு பங்குக்கு 751ஆவது இடத்தில் இந்த மாற்று எழுத்துத்தான். பக்கத்து வீட்டுக்காரரிடம் இருக்கும், ஒலிம்பிக்கில் ஓடுகிறவரிடமும் இருக்கும். ஊரில் பாதிப்பேருக்கு இருப்பதைக் கோளாறு என்று எப்படிச் சொல்வது? குடும்பச் சாயல் என்று சொல்லலாம்.

2000க்குப் பிறகு பத்து வருடம் இந்த எழுத்துகளைத் துரத்தாத பல்கலைக்கழகம் இல்லை. நூறு நோயாளி, நூறு ஆரோக்கியசாலி, ஒரு மரபணு, ஒரு கட்டுரை. ஒன்று ஆபத்து இரட்டிப்பு என்றது, அடுத்தது ஆபத்தே இல்லை என்றது, மூன்றாவது பாதுகாப்பு என்றுகூடச் சொன்னது. சின்னப் படகில் உட்கார்ந்து கடல் மட்டத்தை அளந்த கதைதான்.

பெரிய படகு ஸ்பெயினிலிருந்து வந்தது. 1998க்கும் 2001க்கும் இடையே பார்சிலோனா, வாயெஸ்-பாஜெஸ், அலிகாந்தே, டெனரிஃப், அஸ்துரியாஸ் ஆகிய ஐந்து பகுதிகளில் 18 மருத்துவமனைகள். நோயாளிகள் ஆயிரத்துச் சொச்சம், ஒப்பிட்டுப் பார்க்க வேறு காரணங்களுக்காகச் சேர்ந்திருந்தவர்களும் அதே அளவு. என்ன சிகரெட், எத்தனை வருடம், என்ன வேலை என்று ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கேட்டு எழுதினார்கள். 2005இல் முதல் பெரிய முடிவு: என்.ஏ.டி.2 மந்தக்காரர்களுக்கு ஆபத்து 1.4 மடங்கு, அதுவும் புகைப்பவர்களிடம்தான் பளிச்சென்று தெரிந்தது. 2006இல் கேங் ஆட்களின் முறை. வெட்டி ஒட்டும் வேலையில் உள்ள ஏழு மரபணுக்களில் 22 இடங்களைப் பார்த்தார்கள். சில இடங்களில் சின்னச் சின்ன ஏற்றம், அவ்வளவுதான். 2009இல் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றாகக் கொட்டி, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளோடு கணக்குப் போட்டபோது எக்ஸ்.பி.டி.யின் 312, எக்ஸ்.பி.சி.யின் 499, இரட்டை இழையும் அறுந்தால் ஒட்டும் என்.பி.என். மரபணுவின் 185 ஆகியவை மட்டும் நின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆபத்து ஏறக்குறைய 10 சதவீதம் கூடுதல்.

பத்து சதவீதம் என்றதும் பதற வேண்டாம். ஆயிரம் ஆண்களில் 30 பேருக்கு வாழ்நாளில் இந்த நோய் வரும் ஓர் ஊர் என்று வைத்துக்கொண்டால், இந்த எழுத்து ஒன்று உள்ள ஆயிரம் பேரில் 33 பேருக்கு வரும். அந்த மூன்று பேர்தான் வித்தியாசம். அதே ஸ்பெயின் ஆய்வில் புகைத்துக்கொண்டிருந்த ஆண்களின் ஆபத்து, புகைக்காதவர்களைப்போல ஏழு மடங்கு.

2008 முதல் மரபணுத் தொகுதி முழுவதையும் ஒரே வீச்சில் சலித்துப் பார்க்கும் ஆய்வுகள் வந்தன. அதில் என்.ஏ.டி.2 மேலே வந்தது, எதிர்பாராத வேறு பல இடங்களும் வந்தன. பழுதுபார்க்கும் கேங்கின் ஆட்கள் முன்வரிசையில் இல்லை. என் தீர்ப்பு இதுதான்: இந்த எழுத்துகள் நிஜம், வேலை செய்கின்றன, ஆனால் தனித்தனியாகப் பார்த்தால் அற்பம். 'உங்கள் எக்ஸ்.பி.டி. எப்படி?' என்று சொல்லி யாராவது பரிசோதனை விற்றால் அந்தப் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு விலக்கு உண்டு. குடும்பத்தில் பலருக்கு இளவயதிலேயே பெருங்குடல், கருப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் எழுத்துப் பிழை திருத்தும் வேறொரு மரபணு, எம்.எஸ்.எச்.2, பழுதாகியிருக்கலாம். அவர்களுக்குச் சிறுநீர்ப் பாதையிலும் ஆபத்து கணிசமாக உயரும். அது சாயல் அல்ல, கோளாறு. அங்கே பரிசோதனைக்கு அர்த்தம் இருக்கிறது.

பெரியவரின் சிறுநீர்ப்பைக்குத் திரும்புவோம். அவர் ஊதிய லட்சக்கணக்கான சிகரெட்டுகள் எழுப்பிய மேடுகளில் பெரும்பாலானவற்றைக் கீமேன் பார்த்துவிட்டார். நாம் பின்தொடர்ந்த ஒன்று தப்பிவிட்டது. அது விழுந்த இடம் டி.பி.53 என்ற காவல் மரபணுவின் 285ஆவது சொல். இந்த மூலக்கூறுக்கு அங்கே உட்கார ஒரு தனி விருப்பம் உண்டு. கேங் வருவதற்குள் அணு இரண்டாகப் பிரியத் தொடங்கிவிட்டது. நகல் எடுக்கும் நொதி மேட்டில் தடுமாறி ஓர் எழுத்தைத் தவறாக எழுதிவிட்டது. மூலக்கூறின் பயணம் இங்கே முடிகிறது. பிழையின் பயணம் ஆரம்பம். அது கட்டியாக இருபது, முப்பது வருடம் ஆகும். இன்னும் பல பிழைகள் சேர வேண்டும்.

இதில் ஒரு திருப்பம் இருக்கிறது. தசைவரை ஊடுருவிய கட்டிகளின் டி.என்.ஏ.வை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்ததில் ஏறக்குறைய எட்டில் ஒன்றில் எக்ஸ்.பி.டி. மரபணுவே பழுதாகியிருந்தது. இது பெற்றோர் கொடுத்ததல்ல, கட்டிக்குள் புதிதாக ஏற்பட்டது. சிஸ்பிளாட்டின் என்ற மருந்தும் டி.என்.ஏ.யில் மேடு எழுப்பித்தான் அணுவைக் கொல்கிறது. பழுதுபார்க்க ஆள் இல்லாத கட்டி அந்த மருந்தில் சுலபமாகக் கரைகிறது என்று 2014இல் கண்டார்கள். கேங் இல்லாததால் வளர்ந்த கட்டி, கேங் இல்லாததாலேயே சாகிறது.

பெரியவருக்கு ஒரு நாள் காலை சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி இல்லை. மறுநாள் தெளிந்துவிட்டது. பீட்ரூட் சாப்பிட்டதால் என்று நினைத்துக்கொண்டு மூன்று மாதம் சும்மா இருந்தார். இந்த நோயின் வழக்கமான முதல் அடையாளம் அந்த வலியில்லாத ரத்தம்தான். வந்து நின்றுவிட்டது என்றால் குணமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது ஒரே ஒரு முறை அப்படிப் போனாலும், ஐம்பது வயதைத் தாண்டியவர், புகைத்தவர் என்றால் அந்த வாரமே சிறுநீர்ப் பாதை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். குழாய்க் கருவியை உள்ளே விட்டுப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.